ஹெட் ஒரு வீட்டில், பிளாக் ஒரு வீட்டில்

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திய அன்று, அண்ணன் ஸ்பானரோடு வந்து டிராக்டரின் ஹெட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார். மற்ற குடும்பங்களில் மனஸ்தாபம் வந்தால் நடுவே சுவர் எழுப்புவார்கள். இவர்கள் ஒரு இன்ஜினை இரண்டாக்கினார்கள். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்பாதி, அதுதான் ஹெட், அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு முக்காலியின் மேல் இடம்பிடித்தது. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் கீழ்ப்பாதி, அதுதான் பிளாக், டிராக்டரோடு சேர்ந்து தம்பி மனைவி சின்னவள் வீட்டுக் கொட்டகையில் நின்றது. மேலே உள்ளது இல்லாமல் கீழே உள்ளது ஓடாது. கீழே உள்ளது இல்லாவிட்டால் மேலே உள்ளது வெறும் இரும்புக் கட்டி. அண்ணன் மனைவி அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தாள்.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, பெண்டாட்டிகளும் இல்லை. தண்ணீர். அப்பா விட்டுப்போன டிராக்டரை ஒருநாள் ரேடியேட்டரில் தண்ணீரே இல்லாமல் ஓட்டிவிட்டார்கள். இன்ஜின் கொதித்தது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருந்த கேஸ்கெட் போனது, ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டது. நீ ஊற்றியிருப்பாய் என்று நினைத்தேன் என்றார் அண்ணன். நீங்கள் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றான் தம்பி. அதன்பிறகு ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதாக எதையும் நினைப்பதை விட்டுவிட்டார்கள்.

சின்னவள் என்பது அவள் பெயரில்லை. இளைய மருமகளாக வந்ததால் அப்படி ஆயிற்று. கணவனின் அண்ணன் அவளுக்கு மூத்தார், கூப்பிடுவது மாமா என்று. தலை பாதி நரைத்தும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

பேச்சு நின்றதே ஒழிய, பேசவேண்டிய விஷயங்கள் நிற்கவில்லை. வீட்டு வரி, சாக்கடை அடைப்பு, உறவில் ஒரு சாவு என்று ஏதாவது வந்துகொண்டே இருந்தது. இருவரிடமும் போன் இருந்தது. ஒருவர் எண் மற்றவர் போனிலும் இருந்தது. ஆனால் சின்னவளும் இருந்தாள். அவளுக்கு சார்ஜ் போடவேண்டிய அவசியமில்லை.

இரண்டு வீடும் ஒரே தெருவில், இந்தக் கோடியில் ஒன்று, வளைவு தாண்டி அந்தக் கோடியில் ஒன்று. நடுவில் ஒரு சலவைக் கடை, ஒரு சைக்கிள் கடை, எப்போதோ மூடிப்போன ஒரு மருந்துக்கடை. மூத்தார் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே ஒரே ஒரு ஆள் நின்றாலும் கடைசி சீட்டில் இருப்பவருக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

"போய் அந்தக் கழுதைகிட்ட சொல்லு. அவன் வாசல் மரம் வீட்டுப் பக்கமா சாயுதாம். தலையில விழுந்தா நான் பொறுப்பில்ல. விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, உள்ள ஏதாவது இருந்தாத்தானே."

சின்னவள் தெருவில் இறங்குவாள். சலவைக் கடையைத் தாண்டும்போது கழுதை உதிர்ந்துவிடும். சைக்கிள் கடை வரும்போது தலைக்குள் என்ன இருக்கிறது என்ற விசாரணை முடிந்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்து, "வாசல் மரம் நம்ம வீட்டுப் பக்கம் சாயுதாம். ஜாக்கிரதையா இருக்கச் சொன்னார் மாமா," என்பாள்.

அவளுக்கு இது பொய்யாகப் பட்டதே இல்லை. அவள் துணி திருத்தித் தைப்பவள். ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, யாரோ யாருக்கோ அளவெடுத்துத் தைத்ததை உடுத்துகிறவர் உடம்புக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பாள். எதையும் வெட்டி எறிவதில்லை. அதிகப்படியானதை உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். அது உள்ளேயேதான் இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் சேர்க்கவும் வேண்டி வந்தது. அன்று மூத்தார் சொல்லியனுப்பியதில் வசவைக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. வெறும் கையோடு வீட்டுக்குள் போவதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கணவன் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவன். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி முதுகு வில்லாகிக் கிடந்தது. "உங்க முதுகுவலி எப்படி இருக்குன்னு மாமா கேட்டார்," என்றாள்.

கம்பி சுற்றும் கை நின்றது. "அண்ணனா? அண்ணனா கேட்டார்?"

"ஆமா."

"என்னன்னு கேட்டார்? அப்படியே சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். அவன் அன்று முழுக்க வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான். மறுநாள், "அண்ணனுக்கு முட்டி எப்படியிருக்காம்னு கேளு," என்றான். கேட்டானா, கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதா என்பது இப்போது அவளுக்கே சரியாக நினைவில்லை. முட்டிக்குத் தடவ எண்ணெய் வாங்கிக்கொண்டு போய், "அவர் கொடுத்தனுப்பினார்" என்று கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. மூத்தார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலாவதியானதா இருக்கும்," என்றார். பிறகு தடவிக்கொண்டார்.

இப்படியாக, தெருவின் நடுவில் இரண்டு ஆண்கள் உருவானார்கள். ஒரு அண்ணன், ஒரு தம்பி. நிதானமானவர்கள், ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்பவர்கள். சலவைக் கடைக்கும் வளைவுக்கும் இடையே மட்டும் வசித்தார்கள். தெருவின் இரண்டு கோடியிலும் இருந்தவர்களைவிட இவர்களைத்தான் சின்னவளுக்குப் பிடித்திருந்தது. சமைக்கும்போது, சட்டைக்குக் காஜா எடுக்கும்போது, அவர்கள் அடுத்து என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசிப்பாள். அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை அவள் அதிகம் துருவிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பழைய வண்டிகள் கண்காட்சி என்று ஒரு அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வண்டி தானாக ஓடி உள்ளே வரவேண்டும். கட்டி இழுத்து வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"அப்பா வண்டி அங்க போய் நிக்கணும்," என்றார் மூத்தார். "நான் ஹெட்டை ரெடி பண்றேன். அந்தத் தூங்குமூஞ்சிய பிளாக்கைக் கழுவித் துடைக்கச் சொல்லு. அதையாவது செய்வானா பாப்போம்."

"அப்பா வண்டியைச் சேர்ந்து கொண்டுபோகணும்னு மாமாவுக்கு ஆசையாம்," என்றாள் சின்னவள் வீட்டில். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வண்டியைக் கிளப்பும் விதம் நினைவுக்கு வந்தது.

அந்த டிராக்டரை ஒரு ஆள் கிளப்ப முடியாது. ஹேண்டில் முன்னால், லீவர் சீட்டுக்குப் பக்கத்தில். ஒருவர் லீவரைத் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். இன்னொருவர் முன்னால் நின்று ஹேண்டில் அடிக்க வேண்டும். வேகம் பிடித்ததும் அவர் "விடு" என்று கத்த, இவர் லீவரை விடவேண்டும். ஒரு வார்த்தையாவது நேருக்கு நேர் பேசித்தான் ஆகவேண்டும். ஒரு வார்த்தை வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். நாலாவது வார்த்தையில் இருவருக்கும் தெரிந்துவிடும், இத்தனை வருஷம் தாங்கள் பழகிய அண்ணனும் தம்பியும் எங்குமே இல்லை என்று. அப்புறம் அவள் எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பாள்?

ஹெட்டின் விரிசல் ஒட்டாது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று எதிர்பார்த்தாள். வார்ப்பிரும்பு முரட்டு ஜாதி, சூடு தாங்காமல் மறுபடி வெடித்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வெல்டர் அதைக் கரியடுப்பில் வைத்துப் பதமாகச் சூடேற்றி, ஒட்டி, சாம்பலில் புதைத்து, தானாக ஆறும்வரை யாரையும் தொடவிடாமல் காவல் காத்து, ஒழுங்காகவே கொடுத்துவிட்டார். நல்ல வேலைக்காரர்களால் வரும் தொல்லை இது.

ஹெட் திரும்பி வந்த அன்று மூத்தார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முக்காலியிலிருந்து பூந்தொட்டி இறங்கியிருந்தது.

"தடவிப் பாரு," என்றார்.

தடவினாள். விரிசல் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தழும்பு. இழைத்த முகம் கண்ணாடி போல வழுவழுவென்று சில்லிட்டிருந்தது.

"காலையிலேருந்து இதே வேலை," என்றாள் ஓரகத்தி உள்ளேயிருந்து. "வர்றவங்க எல்லாரையும் தடவச் சொல்றார். பால்காரர் கூடத் தடவிட்டுப் போயிட்டார். நான் காய்ச்சல்ல கிடந்தப்போ நெத்தியில கைய வச்சுப் பாத்தாரான்னு கேளு."

"காய்ச்சல் உனக்கு நெத்தியில இல்ல, வாயில," என்றார் மூத்தார். பிறகு சின்னவளிடம் திரும்பினார். குரல் ஏறியது. "அந்த மரமண்டைகிட்ட சொல்லு. ஒட்டினப்போ ஹெட் கோணிக்கிச்சு, அதனால நிறைய இழைக்க வேண்டியதாப் போச்சு. பிளாக்ல அவன் கைய வைக்கக் கூடாது. வச்சான்னா எல்லாம் நாசம். அவன் கை வச்சு எது உருப்பட்டிருக்கு இதுவரைக்கும்? தண்ணி ஊத்தத் தெரியாத பய. கைய மடக்கி வச்சுக்கிட்டு சும்மா உக்காரச் சொல்லு."

சின்னவள் தெருவில் இறங்கினாள். வழக்கத்தைவிடக் கனமான சுமை. மரமண்டை சலவைக் கடையிலேயே போயிற்று. தண்ணீர் ஊற்றத் தெரியாத பயல் சைக்கிள் கடையில். கை வைக்கக் கூடாது, கை வைத்து எது உருப்பட்டது, கையை மடக்கிக்கொண்டு உட்கார். மூன்றும் அவள் காதில் ஒரே வசவாகத்தான் விழுந்தன. ஒரே தையலில் மூன்றையும், அவற்றோடு ஹெட்டை நிறைய இழைத்த செய்தியையும், உள்ளே மடித்தாள். மடித்ததில் துணி குட்டையாகிவிட்டது போலத் தோன்றவே, கொஞ்சம் ஒட்டுப் போட்டாள்.

"ஹெட் நல்லா வந்திருக்கு. பிளாக் விஷயத்துல அவருக்குக் கவலையே இல்லையாம். அது உங்க கையில இருக்கு, நீங்க பாத்துப்பீங்கன்னு சொன்னார்."

கணவன் எழுந்து நின்றுவிட்டான். "என் கையிலயா? அப்படியா சொன்னார்?"

"அப்படித்தான்."

அதுவரை அவனுக்குத் தயக்கம் இருந்தது. பிளாக்கின் மேல்முகம் துருப்பிடித்து அங்கங்கே அரித்திருந்தது. இழைக்கலாமா, அப்படியே விடலாமா என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அண்ணன் இவ்வளவு நம்பிக்கை வைத்த பிறகு அரைகுறையாக விடுவது சரியில்லை என்று தோன்றிவிட்டது. லேத் பட்டறையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, பிளாக்கைச் சங்கிலியில் தூக்கி இறக்கி, அனுப்பி, அரிப்பே இல்லாமல் இழைத்து வாங்கி வந்துவிட்டான். பிறகு அவனும் வருகிறவர்களைத் தடவச் சொன்னான். பால்காரர் இங்கேயும் தடவினார்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஹெட்டும் பிளாக்கும் ஒன்றுசேர்ந்தன. லேத்துக்காரர்தான் மூத்தார் வீட்டிலிருந்து ஹெட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பொருத்தினார். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். கிளப்புவதற்கு முன்னால் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம் என்று ஹேண்டிலை மாட்டி மெதுவாகத் திருப்பினார்.

முக்கால் சுற்றில் டக்கென்று ஒரு சத்தம். அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் திருப்பினார். மறுபடி முன்னால். டக். எதையோ எதுவோ தட்டுகிறது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது சின்னவளுக்கு.

நட்டுகளை எல்லாம் கழற்றி ஹெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பிஸ்டனின் கரிய முகத்தில் பளிச்சென்று ஒரு பிறை விழுந்திருந்தது.

"வால்வு பிஸ்டன்ல இடிக்குது," என்றார் லேத்துக்காரர். இரண்டு முகத்திலும் விரலை ஓட்டினார். மறுபடி ஒருமுறை ஓட்டினார். "ஹெட்டையும் இழைச்சிருக்காங்களே."

"ஒட்டினப்புறம் கொஞ்சம் இழைச்சிருப்பார் அண்ணன்."

"என்கிட்ட சொல்லலையே நீங்க. நாம பிளாக்கை இழைச்சோம். ரெண்டு பக்கமும் இழைச்சா நடுவுல இடம் எங்கேருந்து வரும்? அன்னைக்கு ரெண்டு பேரும் தண்ணி ஊத்தாம விட்டீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் இழைச்சிருக்கீங்க. ஒத்துமைன்னா இப்படில்ல இருக்கணும்."

கணவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் சின்னவளைக் குத்தியது. "அண்ணன் நிறைய இழைச்சிருந்தா சொல்லியனுப்பியிருப்பாரே," என்றான் மெதுவாக. "அவர் அப்படி விடுற ஆளில்லையே. வயசாகுதில்ல, மறந்திருப்பார். பாவம். நீ போய்க் கேளு. கோவமா கேக்காத. எவ்வளவு எடுத்தாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"எவ்வளவுன்னு தெரிஞ்சா அந்த அளவுக்குச் செம்புத் தகடு வெட்டி நடுவுல வச்சுடலாம்," என்றார் லேத்துக்காரர். "தெரியலைன்னா வச்சு வச்சுப் பாக்கணும். கண்காட்சி அடுத்த வருஷமும் வரும்."

அவள் தெருவில் இறங்கினாள். எத்தனையோ முறை நடந்த தூரம். வளைவில் நின்று ஒருமுறை, மூடிய மருந்துக்கடை வாசலில் நின்று ஒருமுறை, சொல்லவேண்டியதை யோசித்தாள். அவர் பிளாக்கைத் துருவுக்காகக் கொஞ்சம் சுத்தம் செய்தார் என்று சொல்லலாம். லேத்துக்காரர் தானாகச் செய்துவிட்டார் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு எம்.எம். கணக்கைக் கேட்டு வாங்கி, ஒரு கணக்கைக் கொடுக்கவேண்டியிருந்தது. கழுதையைத் தம்பியாக்க அவளுக்குத் தெரியும். கணக்கை என்ன செய்வது? அதற்கு மடிக்க ஓரமே இல்லை.

நான் சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் அவள் தப்பிக்கலாம். அந்த யோசனை சைக்கிள் கடையருகே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். காலை எடுத்து வைத்துத் தாண்டிப் போனாள். ஆனால் ஒரு கணம் நின்று பார்த்தது உண்மை.

மூத்தார் நாற்காலியில் காலை நீட்டி முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓரகத்தி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வண்டி இடிக்குது மாமா," என்றாள் சின்னவள். "அவர் பிளாக்கையும் இழைச்சுட்டார்."

மூத்தாரின் கை முட்டியிலேயே நின்றது. "கைய வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லியனுப்பினேனா இல்லையா?"

"சொல்லியனுப்பினீங்க."

"நீ சொன்னியா இல்லையா?"

"இல்ல மாமா."

கடைசி சீட்டுக்குப் பேசுகிறவரின் குரல் முதன்முறையாக முதல் சீட்டோடு நின்றது. "பின்ன என்ன சொன்னே?"

"பிளாக் அவர் கையில இருக்கு, அவர் பாத்துப்பார்னு நீங்க சொன்னதா சொன்னேன்."

"நான்? அவன்கிட்ட?"

"ஆமா. எப்பவும் அப்படித்தான் சொல்வேன்."

"எப்பவும்னா?"

"கழுதைன்னு நீங்க சொன்னதை ஒருநாளும் நான் சொன்னதில்ல மாமா. மரமண்டையையும் சொன்னதில்ல. அதெல்லாம் போக என்ன மிஞ்சுதோ அதைச் சொல்வேன். ஒண்ணும் மிஞ்சலேன்னா நானே ஏதாவது சொல்வேன்."

ஓரகத்தி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள். "இவர் இங்க திட்டித் தீத்து அனுப்புவார். அங்கேருந்து எண்ணெய் வரும். எந்த ஊர்ல நடக்கும் இது?"

மூத்தார் பாட்டிலைப் பார்த்தார். "அப்போ இது?"

சின்னவள் ஓரகத்தியின் கீரையில் ஒரு இலையை எடுத்துக் கிள்ளினாள்.

"போன வாட்டி வந்தது?"

"நான் வாங்கினதுதான் மாமா."

அவர் பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காராமல் இரண்டு முறை வழுக்கியது. எண்ணெய்க் கை. எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டார். பித்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. படியிறங்கி, இத்தனை வருஷம் நடக்காத திசையில் நடந்தார். சின்னவள் பின்னாலேயே போனாள்.

அவர் முட்டி வலியோடு விந்தி விந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது அவளுக்குள் பயம்கூட இல்லை. ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்யும் நாளில் வரும் வெறுமைதான் இருந்தது. சலவைக் கடை வந்தது, போயிற்று. அவர் முதுகைப் பார்த்தால், எதையும் உதிர்க்காமல் முழுவதுமாகத் தூக்கிக்கொண்டு போகிறவர் போலத்தான் இருந்தது.

கொட்டகை வாசலில் மூத்தார் நின்றதும் கணவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். வாயை அவர் திறப்பதற்குள் இவன் திறந்துவிட்டான்.

"அண்ணே! வாங்கண்ணே. இந்த முட்டியோட ஏன் நடந்து வந்தீங்க? சொல்லியனுப்பியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? எண்ணெய் தடவறீங்களா இல்லையா? ஏ, அந்த ஸ்டூலை எடு. உக்காருங்கண்ணே."

மூத்தார் திறந்த வாயோடு நின்றார். உள்ளே எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அது சின்னவளுக்குத் தெரிந்தது. தம்பியின் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் எண்ணெய் அனுப்பிய தம்பி இருந்தான். பொய்யாக அல்ல, அசலாகவே அங்கே இருந்தான். மூத்தார் திரும்பி சின்னவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணேகால்," என்றார் மூத்தார் கடைசியில்.

"என்னண்ணே?"

"ஹெட்ல. ஒண்ணேகால் எம்.எம். எடுத்திருக்கு. நீ எவ்வளவு எடுத்தே?"

"முக்கால்."

"முக்காலா? மரமண்டை!"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. லேத்துக்காரர் ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்தினார். கணவன் அண்ணனை ஒரு கணம் விழித்துப் பார்த்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா," என்றான் மனைவியிடம். "அண்ணன் இப்பல்லாம் தமாஷ்கூடப் பண்றார்."

மூத்தார் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேறு வழியிருக்கவில்லை.

மொத்தம் இரண்டு எம்.எம். கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. லேத்துக்காரர் செம்புத் தகடு வெட்டி, ஓட்டைகள் போட்டுக் கொண்டுவந்தார். பொருத்துவதற்கு முன் அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். இரும்பை அப்படிச் செய்தால் விறைத்துக்கொள்ளும், செம்பு இளகும் என்றார். அந்த நாள் முழுக்க மூத்தார் ஸ்டூலை விட்டு எழவில்லை. நட்டு இறுக்கும்போது, "அதை இல்ல, அந்தப் பக்கத்துத, குருடா," என்றார். கணவன் சிரித்தான். "பிடி, பிடி, சோத்துக்கில்லாதவன் மாதிரி பிடிக்கிறான் பாரு," என்றார். கணவன் இன்னும் சிரித்தான். இவ்வளவு அன்பான மனிதர் திட்டுவது போல நடிப்பதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. போகப்போக மூத்தாருக்கே சந்தேகம் வந்தது போலிருந்தது. திட்டிவிட்டு, தான் எப்படித் திட்டினோம் என்று யோசிப்பவர் போல நின்று நின்று பேசினார்.

மறுநாள் காலை ஹேண்டிலைத் திருப்பியபோது எதுவும் இடிக்கவில்லை. ரேடியேட்டரில் மூத்தார் தண்ணீர் ஊற்றினார். கணவனும் ஊற்றினான். வழிந்தது. மூத்தார் பின்னால் நின்று லீவரைத் தூக்கிப் பிடித்தார். கணவன் முன்னால் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில் அடித்தான். வேகம் பிடித்தது.

"விடுங்கண்ணே!"

விட்டார். ஒரு முறை இருமியது, கரும்புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. லேத்துக்காரர் ஹெட்டின் ஓரத்தில் கையை ஓட்டிப் பார்த்து, எங்கும் கசியவில்லை என்று தலையசைத்தார். கணவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியை வெளியே எடுத்து, எதிரே இருந்த திடலில் ஒரு சுற்று விட்டான். சின்னப் பிள்ளையைப் போலக் கையை ஆட்டினான்.

சின்னவள் சுவரோரம் நின்றாள். தப்பித்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நிம்மதி வரவில்லை. அவன் சிரித்த சிரிப்பெல்லாம் அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தது. அதை இனி யார் எப்போது பிரித்துப் பார்ப்பார்களோ? பார்க்கவே மாட்டார்களோ? எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூத்தார் விந்தி விந்தி அவளருகே வந்து நின்றார்.

"சின்னவளே."

"மாமா."

"நான் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கேன்?"

"யார்கிட்ட மாமா?"

"அவன்கிட்டதான். இத்தனை வருஷமா. கண்காட்சிக்குப் போற வழியெல்லாம் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வருவான். அன்னைக்கு நீங்க சொன்னீங்களேம்பான். நான் திருதிருன்னு முழிக்கவா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பரீட்சைக்குப் போகிறவரின் கவலை இருந்தது.

"நிறைய இருக்கு மாமா."

"சொல்லு. முதல்லேருந்து சொல்லு."

"முதுகுவலிய விசாரிச்சீங்க."

"என்ன?"

டிராக்டர் அடுத்த சுற்றுக்கு அருகே வந்திருந்தது. "அவர் முதுகுவலிய விசாரிச்சீங்க!" என்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. தொண்டை கரகரத்தது.

"சரி. அப்புறம்?"

"அவர் காயில் கட்டின மோட்டார் மாதிரி எதுவும் ஓடாதுன்னு சொன்னீங்க!"

"அவன் கட்டினதா?"

"ஆமா!"

மூத்தார் யோசித்தார். "சரி, சொன்னேன்னு வச்சுக்கோ. அப்புறம்?"

அவள் தயங்கினாள். "அப்பாவுக்கு உங்களைவிட அவரைத்தான் பிடிக்கும்னு சொன்னீங்க!"

டிராக்டர் அவர்களைத் தாண்டிப் போனது. மூத்தார் புகையைக் கையால் விலக்கினார்.

"இதை நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார்.

"சொல்லிட்டீங்க மாமா."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"இல்ல, அண்ணனைத்தான் பிடிக்கும், அண்ணன் சும்மா எனக்காகச் சொல்றார்னு சொன்னார்!"

"அது அவன் சொன்னதா, நீ சொன்னதா?"

அவள் நினைத்துப் பார்த்தாள். அவன் கையில் பாதி சுற்றிய காயில் இருந்தது. கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னது. அவள் அதை மூத்தாரிடம் கொண்டுபோகவே இல்லை. திருத்த ஒன்றும் இல்லாததால் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

"அவர் சொன்னதுதான் மாமா!"

"என்ன?" என்றார் மூத்தார், காதில் கையை வைத்துக்கொண்டு.

டிராக்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள்.